தாங்கியும் நடுங்கியது

பல வருஷம் பாறையில் துளை போட்டதில் அவருக்குக் கை நடுக்கம் வந்துவிட்டது. அதனால் குவாரியில் காவல் மேடைக்கு மாற்றினார்கள். வெடி வைக்கும் முன், கீழே ஆள் இல்லையென்று பைனாகுலரில் பார்த்துப் பச்சைக் கொடி காட்ட வேண்டும். பைனாகுலர் ஆடாமலிருக்க, வெல்டராக இருந்த அவர் மச்சான் ஒரு இரும்புத் தாங்கி செய்து மேடைக் கம்பியில் முடுக்கிக் கொடுத்தான். ஆனால் மேடையை ஒட்டியே கல் உடைக்கும் மெஷின் ஓடியது. அந்த அதிர்வு கம்பியில் ஏறி, தாங்கி அவர் கையைவிட மோசமாக நடுங்கியது.

பாறை நிழலில் ஏதோ நீலமாகத் தெரிந்தது. சாக்கா, சட்டையா?

"யோவ், கொடியக் காட்டுய்யா! பொழுது சாயுது" என்று கீழிருந்து மேஸ்திரி கத்தினார்.

"மெஷினை நிறுத்துங்க. ஒண்ணும் தெரியல."

"கைதான் போச்சுன்னா கண்ணும் போச்சா?"

"நிறுத்துனாத்தான் கொடி. இல்லாட்டி நீங்களே ஏறி வந்து காட்டுங்க."

மேஸ்திரி ஏறவில்லை. திட்டிக்கொண்டே மெஷினை நிறுத்தச் சொன்னார்.

தாங்கி அடங்கியது. நீலம் சட்டைதான். துளை போடும் ஆள் ஒருவன், வெடிக்கு முன் எச்சரிக்கைச் சங்கு ஊதியதுகூடத் தெரியாமல், செருப்பைத் தலைக்கு வைத்து வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

எழுப்ப ஓடியவர்களைப் பார்த்து அவர் சொன்னார்: "அடிச்சு எழுப்பாதீங்கப்பா. ரெண்டு ஷிப்டு பாத்தவன்."