பலாக்கட்டைத் துப்பாக்கி

அருள் பிரகாஷ் தன் வாழ்நாளில் கையில் பிடித்த ஒரே துப்பாக்கி, சில்வர் பீச்சில் பலூன் சுடுகிற துப்பாக்கிதான். அன்றைக்கு உடைந்த ஒரு பலூனும் காற்றில் தானாக உடைந்தது என்று அவர் மனைவி ஆரோக்கிய அனிதா இன்றைக்கும் சொல்வாள். அப்பேர்ப்பட்ட மனிதரிடம்தான், கனடாவில் இருக்கும் தங்கை புருஷன் ஆன்டோ போன் போட்டு, "மச்சான், வேட்டைக்கு ஒரு ரைபிள் செய்யணும். நீ பிளான் பண்ணிக் குடு" என்றான். அருள் பிரகாஷுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஊரில் மூஸ் என்று ஒரு மான் உண்டு. மான் என்பது பேருக்குத்தான், ஆகிருதியில் எருமை அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அதை வேட்டையாடக் குலுக்கல் போட்டுத்தான் அனுமதி தருவார்கள். பல வருஷம் காத்திருந்து, இந்த வருஷம் ஆன்டோ பேரும் தங்கை நித்யா மேரி பேரும் சேர்ந்தே விழுந்திருந்தது. வீட்டில் தனியாக உட்கார அலுப்பாக இருக்கிறது என்று நித்யாவும் புருஷனோடு வேட்டை வகுப்புக்குப் போய் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தாள். ஒன்று கிடைத்தால் குளிர்காலம் முழுக்கக் கறி. கோட்டை விட்டால் மறுபடி எப்போது பேர் விழுமோ.

கடலூரிலிருந்து தினமும் சிதம்பரம் போய் ஒரு பம்ப் செட் கடையில் மேனேஜர் வேலை பார்க்கும் அருள் பிரகாஷை, பிளான் போடுவதில் மிஞ்ச ஆளில்லை. மாடி கட்டப் பிளான் போட்டார். மொட்டை மாடியில் கம்பி மட்டும் துருப்பிடித்து நிற்கிறது. பிச்சாவரத்தில் சொந்தப் படகு விடப் பிளான் போட்டார். பரணில் ஒரு லைஃப் ஜாக்கெட் கிடக்கிறது. "ஒங்க பிளான்ல ஒண்ணாவது எந்திரிச்சி நின்னுருக்கா?" என்று அனிதா கேட்டதில் தப்பே இல்லை. ஆனாலும் அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. இந்த ஒன்றையாவது ஜெயித்துக் காட்டாவிட்டால் இனிமேல் பிளான் என்ற வார்த்தையையே எடுப்பதில்லை என்று மாதா படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வீடு அமளிதுமளிப்பட்டது. பல் துலக்கும்போதும் வீடியோ, பஸ்ஸிலும் வீடியோ. குழல் நீளமாக இருந்தால் என்ன, கனமாக இருந்தால் என்ன, குறுக்கே காற்றடித்தால் குண்டு எவ்வளவு விலகும் என்று எல்லாம் கரைத்துக் குடித்தார். பம்ப் வாங்க வந்த குறிஞ்சிப்பாடி விவசாயியிடம், தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று கேட்பதை விட்டு, "ரேஞ்ச் எவ்ளோ?" என்று கேட்டார். வீட்டில் அம்மா புஷ்பமேரி நீட்டிய வடையைப் போனைப் பார்த்துக்கொண்டே இடது கையால் வாங்க, பட்டென்று ஒரு அடி விழுந்தது. "அண்ணன் தங்கச்சி ரெண்டும் ஒண்ணு. எத்தினி தடவ சொல்றது? பீச்சாங்கைய நீட்டாதடா." நாற்பத்திரண்டு வயதிலும் அவர் கையை மாற்றித்தான் வடை வாங்கினார்.

தோட்டாவையும் கடையில் வாங்கக் கூடாது, கையால்தான் அடைக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. அங்கே அதற்குத் தடையில்லை. ஆன்டோவுக்குப் பொறுமை கிடையாது. ஒரு தும்மலில் தட்டையே கவிழ்ப்பவன். அதனால் அந்த வேலை நித்யாவிடம் போனது. காலையில் இங்கே போனை எடுத்தால், அங்கே சாயங்காலக் காரேஜில் வெடிமருந்தை மணி மணியாக நிறுத்துப் போடும் ஒரு வளையல் கை மட்டும் திரையில் தெரியும்.

"நித்யா, கேசரிக்கு ரவ போடற மாதிரி குத்துமதிப்பா போட்டுடாத!"

"நீ செத்த சும்மா இருண்ணா. தராசே நீ பேசறதுல ஆடுது."

மிச்சம் கட்டை. தோளில் பொருந்தும் மரப்பாகம்தான் துப்பாக்கிக்கு உயிர் என்று ஏதோ ஒரு வீடியோவில் சொல்லிவிட்டார்கள். அண்ணாகிராமத்தில் ஆன்டோ வீட்டுத் தோப்பில் புயலில் சாய்ந்த பலாமரத்தின் பலகை சும்மா கிடந்தது. அருள் பிரகாஷ் அதைச் சுமந்துகொண்டு சிதம்பரத்தில் மரக்கடை வைத்திருக்கும் நண்பர் கலியமூர்த்தியிடம் போனார்.

"யாரு அளவுக்குடா செதுக்கறது? ஆளு கனடாவுல இல்ல இருக்கான்?"

"நாந்தான் ஆன்டோன்னு வச்சிக்க!" என்று அருள் பிரகாஷ் கட்டையைத் தோளில் சாய்த்து, கன்னத்தைப் பதித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். கன்னம் படிந்த இடத்தில் கலியமூர்த்தி இழைத்தார். தோட்டாவை உள்ளே தள்ளும் கைப்பிடிக்கு, கை தானாகப் போன பக்கத்தில் பள்ளம் வெட்டினார். மஞ்சள் மஞ்சளென்று, அன்றைக்குத்தான் அறுத்த பலாச்சுளை நிறத்தில் கட்டை ஜொலித்தது.

அதைப் போர்வையில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினால், வழியில் போலீஸ் சோதனை.

"இன்னாயா அது?"

"கட்ட சார்."

"இன்னா கட்ட?"

"துப்பாக்கிக் கட்ட சார்."

பஸ்ஸே எழுந்து நின்றது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி உறைந்துபோனார். அருள் பிரகாஷ் மட்டும் அசரவில்லை. போர்வையைப் பிரித்து, குழல், ஸ்கோப், காற்று, மூஸ் என்று மூச்சுவிடாமல் விளக்க ஆரம்பித்தார். வெறும் மரம் என்று பார்த்த பிறகும் நிறுத்தவில்லை. கடைசியில் போலீஸ்காரரே கைகூப்பி, "ஏறுய்யா, புண்ணியமாப் போவும்" என்று பஸ்ஸுக்குள் தள்ளிவிட்டார்.

கட்டை பார்சலில் கனடா போய்ச் சேர்ந்தது. ஆன்டோ படத்தைப் பார்த்து, "சூப்பர் மச்சான்" என்றதோடு சரி. அங்கே துப்பாக்கி செய்பவர் கட்டையைப் பார்த்துப் பார்த்தே மற்றதை முடித்தார். வேட்டை தொடங்குவதற்கு முந்தின வாரம்தான் ரைபிள் கைக்கு வந்தது. அன்றைக்கு வந்த போனில் ஆன்டோவின் முகம் வெந்துபோயிருந்தது.

"மச்சான், நான் எந்தக் கைக்காரன்?"

"இது இன்னா கேள்வி? நம்ம எல்லாரையும் போலத்தான்."

"நம்ம எல்லாரும் இல்ல. நீ! கைப்புடி இடது பக்கம் இருக்குது. கன்னம் வைக்கிற மேடு அந்தாண்ட பக்கம் இருக்குது. எனக்குக் கையும் எட்டல, கண்ணும் எட்டல. ஒரு வாரத்துல வேற துப்பாக்கிக்கு நான் எங்க போவேன்?"

அருள் பிரகாஷ் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கக் கை என்றால் அவருக்கு இடது கைதான். ஊருக்கே அது வலது கை என்பது அந்த ஆறு மாதத்தில் ஒரு தடவைகூட நினைப்புக்கு வரவில்லை. மாடிக் கம்பியும் லைஃப் ஜாக்கெட்டும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பக்கத்தில் நின்ற அனிதா அவர் தோளில் கை வைத்தாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். தோற்றுப்போனோம் என்று தெரிந்தது, அழுகையே வந்துவிட்டது.

அப்போது போனில் நித்யாவின் குரல். "இங்க குடுங்க, பாக்கலாம்."

திரை ஆடியது. பிறகு தெரிந்தது. நித்யா நெட்டையான தன் உடம்பை லேசாகச் சாய்த்து, ரைபிளை இடது தோளில் ஏற்றி, கன்னத்தைப் பதித்தாள். கைப்பிடியை இழுத்தாள், தள்ளினாள். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த ஜாக்கெட் மாதிரி உட்கார்ந்தது.

"அண்ணா!" என்று கத்தினாள். "எனக்குண்ணா இது!"

அந்த வாரம் முழுக்க அவள் துப்பாக்கி சுடும் மைதானத்தில் சுட்டுப் பழகினாள். வேட்டைக்குப் போனவர்களிடமிருந்து இரண்டு நாள் தகவல் இல்லை. அருள் பிரகாஷ் இட்லியைத் தொட்டும் தொடாமலும் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் பூசை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது. பனியில் ஆரஞ்சு ஜாக்கெட்டோடு நித்யா நின்றாள், பின்னால் மலை மாதிரி மூஸ். ஒரே குண்டு. அவள் நிறுத்துப் போட்ட மருந்து, அண்ணன் போட்ட பிளான்.

"மச்சான்," என்று ஆன்டோ குறுக்கே தலை நீட்டினான், "அடுத்தது எனக்கு. முதல்ல என் கையப் பாத்துக்க!"

அருள் பிரகாஷ் கூடத்தில் குதித்த குதியில் சிலுவைப் படம் ஆடியது. அனிதா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எந்திரிச்சி நின்னுடுச்சுங்க ஒங்க பிளான்" என்றாள்.

"அம்மாவ காட்டுண்ணா" என்றாள் நித்யா. புஷ்பமேரி போனுக்கு முன்னால் வந்தாள். நித்யா கையுறையைக் கழற்றி, குளிரில் சிவந்திருந்த இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

"அம்மா, இத எத்தினி தடவ அடிச்சிருப்ப நீ? இந்தக் கைதாம்மா."

புஷ்பமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கிண்ணத்தில் கேசரி இருந்தது. சந்தோஷத்தில் அருள் பிரகாஷ் வழக்கம்போல இடது கையை நீட்டிவிட்டு, அடி விழப்போகிறதென்று சட்டென்று இழுத்தார்.

"நீட்டுடா" என்று அவள் அந்தக் கையைப் பிடித்து இழுத்து, நடு உள்ளங்கையில் கேசரியை வைத்தாள்.