அஸ்ஸு வைத்த மூன்று விலாக்கள்

அல்னிஃப் ஊரில் அஸ்ஸுவின் வீட்டில் உடைந்த பொருள் என்று ஒன்று கிடையாது. தேநீர்க் கெண்டியின் மூக்கு, கதவின் மூலை, மாமனாரின் பல்செட் என எல்லாவற்றையும் பட்டி பார்த்துவிடுவார். கல் தூளைப் பசையில் குழைத்து அவர் அடைத்த இடத்தை மறுநாள் அவரே தேட வேண்டியிருக்கும்.

"ஓட்டையப் பாத்தா உங்களுக்குக் கை சும்மா இருக்காதே," என்பாள் மனைவி இத்தோ. "என் காது ஓட்டைய மட்டும் விட்டு வைங்க, கம்மல் போடணும்."

பிழைப்பே அப்படி. மலையில் பிளந்த பாறையில் கறுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே டிரைலோபைட் இருக்கிறது என்று பொருள். எப்போதோ கடலில் ஊர்ந்து, பிறகு கல்லாகிப்போன, விலா விலாவாக உடம்புள்ள பூச்சி அது. பிளந்த துண்டுகளை மறுபடி ஒட்டி, காற்றழுத்தத்தில் அதிரும் ஊசியால் சுற்றியுள்ள கல்லைக் கொத்தி எடுக்க வேண்டும். அஸ்ஸு கொத்திய பூச்சிகள் பல தேசங்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் சொகுசாக இருக்கின்றன. பெட்டியின் அட்டையில் கண்டெடுத்தவர் பெயர் இருக்கும், கொடுத்தவர் பெயர் இருக்கும். கொத்தியவன் பெயர் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. இருபத்தாறு வருடமாக இது அவருக்கு மனக்குறை.

இந்த முறை அருங்காட்சியகத்து ஆய்வாளர் டாக்டர் கிஸ்லான் தானே கல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள். "பட்டி எதுவும் பாக்காம எடுத்துக் குடுங்கண்ணே. அட்டையில உங்க பேரைப் போடுறேன்."

அன்றிலிருந்து மனுஷன் தரையில் நடக்கவில்லை. "பேரைப் பெருசாப் போடுவாங்களா, சின்னதாவா?" என்று இத்தோ கேட்டாள். "எங்க அண்ணன் பாக்கப் போனா கண்ணாடி கொண்டு போகணுமேன்னுதான்."

ஒன்பதாம் நாள், பூச்சியின் வலது பக்கம் வெளியே வந்தபோது அஸ்ஸு ஊசியை நிறுத்திவிட்டார். மூன்று விலாக்களின் நுனி இல்லை. அரைவட்டமாக ஒரு பள்ளம். தூசியில் கண்ணைச் சிமிட்டிய நேரத்தில் ஊசி நழுவி அதைத் தின்றுவிட்டது என்று முடிவு கட்டினார். உருப்பெருக்கியை எடுத்துப் பார்க்கக்கூட வெட்கமாக இருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பசையைக் குழைத்தார். இரண்டு நாளில் மூன்று விலாக்களும் முளைத்துவிட்டன.

கிஸ்லான் வந்தாள். கல்லை ஜன்னலோரம் வைத்து, உருப்பெருக்கியால் இரண்டு தடவை பார்த்தாள். "ஒரு குறையும் இல்லண்ணே," என்று நோட்டைத் திறந்தாள்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் தன் வாழ்நாளின் சிறந்த வேலையை ஒருத்தி இரண்டு தடவை பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போவதை அஸ்ஸுவால் தாங்க முடியவில்லை.

"வலது பக்கம் அந்த மூணு விலா எப்படி இருக்கு, டாக்டரம்மா?"

"நல்லா இருக்கு."

"நல்லா மட்டும்தானா?"

தேநீர்த் தட்டோடு நின்ற இத்தோ, "போச்சு," என்றாள்.

"நான் வச்சது," என்றார் அஸ்ஸு. பிறகு குரல் இறங்கியது. "ஊசி நழுவிடுச்சும்மா."

கிஸ்லான் நோட்டை மூடினாள். பசை கரைக்கும் திரவத்தில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். இரண்டு நாள் வேலை பஞ்சோடு வந்தது. அப்புறம் உருப்பெருக்கியோடு குனிந்து அந்தப் பள்ளத்தின் ஓரத்தைப் பார்த்தாள்.

"இது உங்க ஊசி இல்லண்ணே. ஊசி பட்டா ஓரம் வெட்டினாப்ல இருக்கும். இங்க வழுவழுன்னு மடிஞ்சிருக்கு, பாருங்க. ஏதோ கடிச்சிருக்கு. காயம் ஆறி, அதுக்கப்புறமும் இது உயிரோட இருந்திருக்கு. இந்த மாதிரி ஒண்ணு எங்ககிட்ட கிடையவே கிடையாது."

அஸ்ஸு உருப்பெருக்கியை வாங்கிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டதால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். அவள் சொன்னது உண்மைதான்.

"அப்ப பேரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போடுறேன். இனிமே இதுல கை வைக்க மாட்டேன்னு சொல்லுங்க." சிரித்துக்கொண்டே எழுதிக் காட்டினாள். 'கொத்தி எடுத்தவர்: அஸ்ஸு.' அவர் அதை மூன்று தடவை படித்தார். ஆனாலும் கண் அந்த அழுக்குப் பஞ்சு பக்கமே போனது.

"இன்னும் என்ன?" என்றாள் இத்தோ.

"அதவிட நல்ல வேலை நான் செஞ்சதே இல்ல. அது என் வேலைன்னு தெரிஞ்சு பாத்தவங்கன்னு ஒருத்தர்கூட இல்லாமப் போச்சு."

"யாரு சொன்னா? ரெண்டு நாளும் கதவிடுக்குல நின்னு பாத்தேனே," என்று சொல்லி, இத்தோ அவர் கையில் தேநீரைக் கொடுத்தாள். "ரொம்ப அழகா இருந்துச்சு."