ரெமேடியோஸ் பாடிய தாலாட்டு

எனக்கு ஸ்பானிய நாட்டுப்புற இசையில் பைத்தியம். நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் டூங்கபிப் புறநகர்த் தமிழருக்கு அதில் பெருமை. "எங்கட பெடியன் பியானோவில ஸ்பெயினையே கொண்டு வாறான்" என்பார்கள். நாற்பத்தைந்து வயதிலும் நான் பெடியன்தான். ஸ்பெயினில், செவில் நகரத்தில் மூன்று வருடம் படித்தேன், மொழி வந்தது. சொந்தமாக ஒரு நல்ல மெட்டுத்தான் வரவில்லை.

அருகிலுள்ள லிட்கம் முதியோர் இல்லத்தில் வியாழன்தோறும் வாசிப்பேன். அங்கே ரெமேடியோஸ் என்ற ஸ்பானியக் கிழவி இருந்தாள். ஆங்கிலம் அரைகுறை, காதும் சற்று மந்தம். ஒருநாள் பியானோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தாலாட்டுப் பாடினாள். கைபேசியில் பதிந்துகொண்டேன். முன்னும் பின்னும் கொஞ்சம் சோடித்து, 'இசையமைப்பு: இளங்கீரன்' என்று வெளியிட்டுவிட்டேன். நாட்டுப்பாட்டுக்கு யார் சொந்தக்காரர் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நல்ல சமாதானம்தான், ஒரு வருடம் தாங்கியது.

அந்த மெட்டுக்காகவே எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு ஞாயிறு மத்தியானம் எனக்குப் பாராட்டு விழா வைத்தது. இல்லத்துத் தாதி, நல்லது செய்வதாக நினைத்து, ரெமேடியோஸைக் கூட்டி வந்துவிட்டாள். அவள் பக்கம் பார்க்காமல் பியானோவில் உட்கார்ந்தேன். வாசிக்கத் தொடங்கினேன். இரண்டாவது வரியில் முன்வரிசையிலிருந்து அவள் குரலும் சேர்ந்துகொண்டது. சபை உருகிவிட்டது. என் பாட்டை வெள்ளைக்காரி மனப்பாடம் செய்திருக்கிறாளாம்!

அறிவிப்பாளன் துஷாந்துக்கு யாரையும் பொன்னாடை போர்த்திப் பேசவைக்காமல் விடத் தெரியாது. அவளையும் மேடையேற்றிப் போர்த்தி, மைக்கை நீட்டினான்.

"அன்ரி, ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ. இளங்கீரன் அண்ணை தமிழில சொல்லுவார்."

நான் ஸ்பானிய மொழியில் கேட்டேன். அவள் நிமிர்ந்து நின்று சொன்னாள்:

"இது என் அம்மா கன்சுவேலோ கட்டிய பாட்டு. தம்பி காய்ச்சலில் கிடந்தபோது கட்டினாள். அவளுக்கு எழுதத் தெரியாது. எங்கள் வீட்டுக்கு வெளியே இவருக்கு மட்டும்தான் பாடிக் காட்டினேன்."

மண்டபத்தில் அந்த மொழி தெரிந்த ஒரே ஆள் நான்.

"என்ன சொல்லுறா அண்ணை?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். எதிரே முந்நூறு பேர் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ர இசை தன்ர ஊரை ஞாபகப்படுத்துதாம்" என்றேன்.

கைதட்டல் அடங்கவே இல்லை. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ரெமேடியோஸ் சபையைப் பார்த்து அழுதாள். பிறகு என் இரண்டு கைகளையும் பிடித்து முத்தமிட்டாள்.

"என் அம்மாவின் பெயரை இத்தனை பேருக்குச் சொன்னாயே, மகனே" என்றாள்.

"இப்ப என்னவாம் அண்ணை?" என்று கேட்டான் துஷாந்த்.

"நன்றி சொல்லுறா" என்றேன்.