டான்சிலும் டான்ஷரும்

கால் சென்டர் நைட் ஷிஃப்டை விட்டதிலிருந்து திருத்தணியில் அக்கா வீட்டில் சும்மா கிடக்கிறேன். அன்று பதினோரு மணிக்கு ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லித்தரும் வேலைக்கு மாதிரி வகுப்பு. ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை விளக்க வேண்டும். பகல் வேலை. எனக்கு அது வேண்டும்.

காலையில் அக்கா புவனாவையும் அவள் கணவர் தீனதயாளன் பாவாவையும் உட்காரவைத்து ஒத்திகை பார்த்தேன். டான்சில், தொண்டைக்குள் இருக்கும் சதை. டான்ஷர், மொட்டை. இரண்டும் லத்தீனிலிருந்து வந்தவைதான், ஆனால் சொந்தக்காரர்கள் இல்லை. டான்ஷருக்கு மூலம் 'கத்தரிப்பது'. டான்சிலின் மூலம் யாருக்கும் சரியாகத் தெரியாது.

"மொட்டைக்கு லத்தீன் வரைக்கும் போவணுமா மச்சான்? நம்ம மலைக்குப் போனா போதாதா?" என்றார் பாவா.

அக்கா சிரிக்கவில்லை. "சின்ன வயசுல உனக்கு அரக்கோணத்துல டான்சில் ஆப்ரேசன் பண்ணப்போ அம்மா உன் முடிய முருகனுக்கு வேண்டிக்கினாங்கடா. இன்னும் குடுக்கல. அதான் உனக்கு ஒரு வேலையும் நிக்கல."

"கிளாஸ் முடிஞ்சதும் குடுக்கறேன்க்கா."

"சாமிக்குப் பாக்கி வெச்சிக்கினு சாமிகிட்டயே வேலை கேப்பியா?"

அக்காவிடம் வாதாடுவதைவிட மொட்டை சீக்கிரம் முடியும். மலைக்குப் போய் முடியைக் கொடுத்துவிட்டு, தலையில் சந்தனத்தோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

என்னைத் தேர்வு செய்ய வந்த ஜெமிமா மேடம் திரையை உற்றுப் பார்த்தார். "போட்டோவுல முடி இருந்துச்சே?"

"காலையில வரைக்கும் இருந்துச்சி மேடம்," என்று தலையைக் குனிந்து காட்டினேன். "இதான் டான்ஷர்."

சிரித்தார். மீதியையும் சொல்லி முடித்தேன். சாயங்காலத்துக்குள் முடிவு சொல்வதாகச் சொன்னார்.

சாயங்காலம் வரை போன் வரவில்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். "முருகா, இவனுக்கு இந்த வேலை கிடைச்சா முடி குடுக்கறோம்."

"எந்த முடி?" என்றேன்.

அக்கா என் தலையைப் பார்த்தாள். பிறகு பாவா பக்கம் திரும்பினாள்.

"என்னை ஏன் பாக்கற? அவனுக்கு வளரட்டும்!"

"மறுபடியும் பாக்கியா?"

அப்போதுதான் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும்.

"சந்தோசம் மச்சான்," என்றார் பாவா, துக்கம் விசாரிக்கும் குரலில். "புவனா, நுனியில மூணு கத்தரி மட்டும் வெட்டி பூமுடி குடுத்தா ஆவாதா?"

"அது பொம்பளைங்களுக்கு."

"நேத்துதான்டி டை அடிச்சேன்!"

"முருகன் ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. கெளம்புங்க."