மதாம் பெர்னதெத்தின் முப்பத்தோராயிரம் கிலோமீட்டர்

எங்கள் முதலியார்பேட்டைத் தெருவில் யார் வீட்டுக் கார் எப்போது எங்கே போய் வந்தது என்று தெரிய வேண்டுமானால் என்னைக் கேட்டால் போதும். ஒட்டுக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. என் ஜன்னல் சவரிராயன் வீட்டு வாசலைப் பார்த்தபடி இருக்கிறது, அவ்வளவுதான்.

சவரிராயன் தன் எட்டு வருஷத்து வெள்ளைக் காரை விற்கப் போவதாகச் சொன்னதும் கேட்டு வந்தவள் கடைசி வீட்டு வசந்தா. லாஸ்பேட்டை கல்லூரிப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பவள். ஸ்கூட்டரில் அறுபது டப்பாவைக் கட்டிக்கொண்டு போய், இரண்டு முறை ரோட்டுக்கே சாம்பார் ஊற்றியிருக்கிறாள். பத்து வருஷம் சேர்த்தது அத்தனையையும் இந்தக் காரில் போடப் போகிறாள். கார் நடுவழியில் படுத்தால் அவள் தொழிலும் படுத்துவிடும்.

காரைப் பார்க்கப் போவதற்கு முந்தின நாளே என்னிடம் வந்து, மதாம் எங்கெங்கே போய் வந்தார் என்று விசாரித்தாள். மதாம் என்றால் சவரிராயனின் மனைவி பெர்னதெத். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்த மரியாதையை மருமகள் இன்னும் தெருவில் வசூலித்துக்கொண்டிருக்கிறார். எனக்குத் தெரிந்த கொஞ்சத்தைச் சொன்னேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

ஞாயிறு காலை சர்ச் பூசை முடிந்து சவரிராயனும் மதாமும் வந்து இறங்கியதும், தட்டாஞ்சாவடியில் பட்டறை வைத்திருக்கும் செம்மலைக் கூட்டிக்கொண்டு வசந்தா போய் நின்றாள். மீட்டர் முப்பத்தோராயிரத்து நானூறு காட்டியது. செம்மல் அதைப் பார்க்காமல் குனிந்து பிரேக் பெடலைத் தடவினான். ரப்பர் வழவழவென்று தேய்ந்து கிடந்தது; முப்பதாயிரம் ஓடிய வண்டியில் அப்படித் தேயாது. தன் கால் கொஞ்சம் கனம் என்றார் சவரிராயன். ஸ்டியரிங்கும் தேய்ந்திருக்கிறதே, கையும் கனமா என்று கேட்டான் செம்மல். சர்வீஸ் புத்தகம் எங்கே என்றதற்கு, புயல் மழையில் நனைந்து போயிற்றாம். புத்தகம் வைத்திருந்த அலமாரி மாடியில் இருப்பது எனக்குத் தெரியும்.

சவரிராயனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வாங்கற மூஞ்சியா இருந்தா வாங்கு. இல்லன்னா ஸ்கூட்டர்லயே சாம்பாரை ஊத்திக்கினு போ."

வசந்தா வாசற்படியில் நின்ற பெர்னதெத்திடம் திரும்பினாள்.

"அக்கா, மாசாமாசம் மொதல் சனிக்கிழமை வேளாங்கண்ணிக்குக் கார்லதான போறீங்க?"

"பின்ன? ஒரு மாசம் தப்புனது கெடையாது."

"போவ வர முந்நூறு. எட்டு வருஷத்துக்கு மாதாவுக்கே இருபத்தெட்டாயிரத்துக்கு மேல ஆயிடுது. வாராவாரம் சென்னையில ஒங்க பொண்ணு மெரின் பாப்பாவப் பாக்கப் போனீங்களே, அது எந்த மீட்டர்ல ஓடுச்சி?"

பெர்னதெத் கணவனைப் பார்த்தார். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும்: மீட்டர், இல்லையென்றால் மதாமின் பெருமை. சவரிராயன் யோசிக்கவே இல்லை.

"அவ பீத்திக்குவா. பஸ்ல போயிட்டு வந்து கார்னு சொல்லுவா."

தெரு முழுக்கக் கேட்டது. எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்பதால் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

"பஸ்ஸா? நானா?" என்றார் பெர்னதெத். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கைப்பையிலிருந்து போனை எடுத்து, தேடி, வசந்தாவின் மூக்குக்கு நேராக நீட்டினார். படத்தில் காரின் மீட்டர், அதில் சரியாக ஒரு லட்சம், பக்கத்தில் மதாமின் முகம், கண்ணாடிக்கு வெளியே வேளாங்கண்ணி கோபுரம்.

"மாதா வாசல்லயே லட்சம் ஆச்சி. ரெண்டு வருஷம் ஆவுது. வெளிய சொல்லாத, விக்கறப்ப வெல போவாதுன்னு சொன்னது யாரு? ஒனக்காக வாயைப் பொத்திக்கினு இருந்தேன். என்னையே பஸ்ல ஏத்தற?"

கணவரை ஒருமையில் கூப்பிட்டு அன்றுதான் கேட்டேன்.

வசந்தா செருப்பை மாட்டிக்கொண்டாள். "மீட்டரைத் திருப்பினவன்கிட்டயே அக்கா வாயையும் குடுத்திருக்கணும்ண்ணே. அறுபது புள்ளைங்க சோத்துல வெளையாடப் பாத்தீங்களே," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அடுத்த மாதமே செம்மல் பார்த்துக் கொடுத்த ஒரு பழைய லோடு ஆட்டோவை வாங்கினாள். அதன் மீட்டர் தொண்ணூறாயிரம் காட்டுகிறது, பெடலும் அதையேதான் சொல்கிறது. சாம்பார் இப்போது சிந்துவதில்லை.

போன முதல் சனிக்கிழமை விடியலில் பெர்னதெத் பையும் மெழுகுவர்த்தியுமாக பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார். அக்கறையில்தான் கேட்டேன். கார் சர்வீஸுக்குப் போயிருக்கிறது என்றார்.

வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். கார் வாசலிலேயே நின்றது. சவரிராயன் தனியாக அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.