கல்யாணக் கூடத்தில் ஆட்சேபணைக் கூட்டம்

மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கும் மனுஷனுக்கு வேறெந்தத் தலைவலியும் வரக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! குன்னூர் பஜாரில் ஸ்வெட்டரும் கம்பளியும் விற்கிற மக்பூல் பாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஒரே மகள் நாஜ்னீனின் நிக்காஹ்வுக்காகத் தம் ஊரான ஊத்துமேட்டின் சமுதாயக் கூடத்தை மாதக்கணக்கில் முன்பே பிடித்து வைத்திருந்தார். அதே நாள், அதே கூடத்தில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் என்று யாரோ வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள். வேண்டுமென்றா, தெரியாமலா, அது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

விஷயம் இதுதான். ஊத்துமேட்டுக்கு மேலே கிடந்த பழைய தேயிலைத் தோட்டத்தைக் கோயம்புத்தூர்க்காரர் பாலகுமார் வாங்கியிருந்தார். செடியைப் பிடுங்கிவிட்டு வரிசையாக வில்லா கட்டப் போகிறாராம். அதற்குத்தான் இந்தக் கருத்துக்கேட்பு. அந்தத் தோட்டத்தின் அடியில் கசிகிற ஊற்றுதான் ஊத்துமேட்டின் எல்லா வீட்டுக்கும் தண்ணீர். வேறு நாதி கிடையாது. வீடு வாங்க வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பாலகுமார் மேட்டில் ஒரு போர்வெல் போட்டு, பகலெல்லாம் மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீரைப் பூவாணம் மாதிரி பீய்ச்சிக்கொண்டிருந்தார். கீழே ஊற்று நூலாக இளைத்துக்கொண்டு வந்தது.

"வேணும்னேதான் பண்றாங்க பாய்," என்று கொதித்தாள் பக்கத்து வீட்டு வேலாமணி. தபால் ஆபீஸ் கிளார்க். எதிர்ப்புக் குழுவை நடத்துவதும் அவள்தான். "ஊரே உங்க ஊட்டுப் பிரியாணியில கெடக்கும், எவன் வந்து ஆட்சேபணை சொல்லப் போறான்னு கணக்குப் போட்டிருக்கறாங்க."

"தாயி, எம்பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் என்னை உட்டுருங்க," என்று மக்பூல் பெரிய கும்பிடாகப் போட்டார்.

வேலாமணியா விடுகிறவள்? தாலுகா ஆபீசுக்கும் கூடத்துக்குமாக நடந்து ஒரு வழி பண்ணினாள். காலையில் நிக்காஹ், மதியம் பந்தி, பந்தி முடிந்ததும் அதே நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக் கருத்துக்கேட்பு. மக்பூல் தலையாட்டி வைத்தார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் மனைவி ஜுலைகா வந்து நின்ற நிற்பே சரியில்லை.

"ஏனுங்க, கூடத்துத் தொட்டியில பொட்டுத் தண்ணி இல்லீங்க. ஊத்து நின்னுபோச்சு."

சமையல் பண்டாரி முந்தின நாளே அண்டாக்களை நிரப்பி வைத்த புத்திசாலி. குடிக்கவும் பெரிய கேன்கள் வந்திருந்தன, அளவாக. உட்காரும்போது கையை நனைக்க அதில் கொஞ்சம் தேறும். ஆனால் உண்டு முடித்த கையைக் கழுவ? மலையில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. பெட்டி பெட்டியாக இறக்கவும் வழியில்லை. மக்பூலுக்குப் பயமெல்லாம் சம்பந்தி ஃபரீத்தை நினைத்துத்தான். கோயம்புத்தூரில் மளிகை மொத்த வியாபாரி. நிச்சயதார்த்தத்தில் டீயில் ஏலக்காய் இல்லை என்பதை மூன்று பேரிடம் சொன்ன மனுஷன். 'பந்தியில் கை கழுவத் தண்ணீர் வைக்காத வீட்டுப் பெண்' என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பிவிட்டால் நாஜ்னீன் புகுந்த வீட்டில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பாள்? அந்த ஒரு நினைப்பே அவரைத் தின்றது.

யாருக்கும் தெரியாமல் லாரித் தண்ணீர் முனியசாமிக்குப் போன் போட்டார். "என்ன கேட்டாலும் தர்றேன், பந்தி முடியறதுக்குள்ள வந்து சேருங்க."

"வந்துட்டே இருக்கேனுங்க," என்றான் முனியசாமி, குரலில் இன்னும் தூக்கம் போகாமல்.

நிக்காஹ் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. மாப்பிள்ளை தாஹா சம்மதம் சொன்ன சத்தம் அவனுக்கே கேட்டிருக்காது, அவ்வளவு கூச்சம். பேரீச்சம்பழமும் கற்கண்டும் எல்லார் கையிலும் விழுந்தன. பிரியாணித் தம்மைப் பிரித்தபோது கருத்துக்கேட்பு நடத்த வந்த அதிகாரி தீபக்கும் கூடவே பாலகுமாரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். சீக்கிரமே வந்துவிட்டார்களாம்.

கல்யாண வீட்டில் ஆள் வெறும் வயிற்றோடு நிற்பதைப் பார்க்க மக்பூலால் முடியுமா? "உண்டுட்டுத்தான் மத்த பேச்சு. வாங்க, வாங்க!"

"டியூட்டில இருக்கேங்க," என்று தீபக் இழுத்தார். மூக்கு அதற்குள் முடிவு பண்ணிவிட்டது. பாலகுமாருக்கு இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருவரும் ஃபரீத் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தார்கள்.

தால்ச்சா வாளியோடு மக்பூல் வரிசையில் வரும்போது ஷெர்வானிப் பையில் போன் அடித்தது. முனியசாமிதான்.

"வளைவுல நிக்கறேன் பாய். கொண்டாரட்டுங்களா?"

அப்பாடா! மக்பூலுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. 'வா' என்று சொல்ல வாயெடுத்த அதே நேரம், பாலகுமாரின் குரல் காதில் விழுந்தது.

"தண்ணிக் கஷ்டம், தண்ணிக் கஷ்டம்னு மனு எழுதறாங்களே சார், இங்க பாருங்க! இத்தனை பேருக்குக் கல்யாணச் சாப்பாடு. தண்ணி இல்லாத ஊர்ல இது நடக்குமுங்களா?"

"நியாயந்தான்," என்று தீபக் எலும்பைக் கடித்தபடி தலையாட்டினார்.

மக்பூலுக்குச் சுருக்கென்று தைத்தது. அடப்பாவி, என் மகள் கல்யாணத்தையே உனக்குச் சாட்சியாக்குகிறாயா! இப்போது லாரி வந்து தொட்டி நிறைந்தால் அந்த ஆள் சொன்னது அத்தனையும் உண்மையாகிவிடும். நாளைக்கு மேட்டில் வில்லா நிற்கும். கீழே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தினம் தினம் லாரி நிற்கும். இந்தப் பக்கம் பார்த்தால் சம்பந்தி, நெய் சொட்டச் சொட்ட மூன்றாவது தடவை சோறு வாங்கிக்கொண்டிருக்கிறார். மக்பூல் வாளியைக் கீழே வைத்தார்.

"முனியசாமி, அங்கயே நில்லுங்க. நான் கூப்பிடற வரைக்கும் வண்டி நகரக் கூடாது."

சமையல்கட்டுப் பக்கம் போய் ஜுலைகாவிடம் விஷயத்தைச் சொன்னார். "இன்னிக்கு நம்ம மானம் சந்தி சிரிக்கப் போவுது," என்றார்.

ஜுலைகா முந்தானையை இழுத்துச் செருகினாள். "சிரிச்சாச் சிரிக்கட்டுங்க. நாளைக்கும் நான் சோறாக்கணுமில்ல?"

பந்தி எழுந்தது. குழாயடிக்கு முதலில் போனவர் வேறு யார், ஃபரீத்தான். திருகினார். குழாய் புர்ரென்று காற்றைத் துப்பிவிட்டு அடங்கியது. அடுத்ததைத் திருகினார், அதுவும் புர்ர். அவருக்குப் பின்னால் கோயம்புத்தூர் உறவுக்கூட்டம், அதற்குப் பின்னால் ஊத்துமேடு, நடுவில் தீபக், பாலகுமார். பண்டாரி நெய்யில் கஞ்சத்தனம் பண்ணாத ஆள். அத்தனை பேரும் கையைப் புது வேட்டியிலும் ஜரிகையிலும் படாமல் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

"ஏனுங்க சம்பந்தி, தண்ணி?"

மக்பூலுக்குக் காது மடல் இரண்டும் சுட்டன. இருந்தாலும் கூட்டத்துக்கே கேட்கும்படி சொன்னார்: "தண்ணி இல்லீங்க. மேல பாலகுமார் சார் போர்ல மோட்டார் ஓடுது, கீழ எங்க ஊத்து நின்னுபோச்சு. உங்க கைக்கு ஊத்த எங்கிட்ட ஒரு சொம்புத் தண்ணி இல்ல. மன்னிச்சுக்கங்க."

மேட்டில் மோட்டார் ஓடுகிற சத்தம் குழாயடி வரைக்கும் நன்றாகவே கேட்டது.

தீபக் மேட்டைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். பாலகுமார் பக்கம் திரும்பினார். "தண்ணிக்குப் பஞ்சமே இல்லன்னீங்க?"

"அது வந்து சார், கோடை..."

"கூட்டத்தை இங்கயே நடத்திருங்க சார்!" என்று பெண்கள் பக்கமிருந்து வேலாமணி பாய்ந்து வந்தாள். "ஆட்சேபணை இருக்கறவங்க கையைத் தூக்கச் சொல்லுங்க, எண்ணிக்கங்க."

தூக்கச் சொல்ல என்ன இருக்கிறது? அத்தனை கையும் ஏற்கெனவே மேலேதான் இருந்தது.

"இது போங்காட்டம்!" என்று பாலகுமார் குதித்தார். "பாதிப் பேரு மாப்பிள்ளை ஊட்டு ஆளுங்க! கையை எறக்கச் சொல்லுங்க சார்!"

"எங்கீங்க எறக்கறது? உங்க சட்டையில தொடைச்சுக்கட்டுங்களா?" என்றார் ஒரு கோயம்புத்தூர் மாமா.

"உங்க கையும் மேலதானுங்க இருக்குது!" என்று இன்னொருவர் காட்ட, பாலகுமார் தன் கையைத் தானே அண்ணாந்து பார்த்தார். குழாயடியே சிரிப்பில் குலுங்கியது. தீபக்கும் சிரித்தார்; அவர் கையும் மேலேதான் இருந்தது, பேனா பிடிக்க வழியில்லாமல்.

"சரி, சொல்லிடறேன்," என்றார் அவர். "அந்த மோட்டாரை இப்பவே நிறுத்துங்க. எங்க ஆளுங்க வந்து ஊத்தைப் பார்த்து முடிக்கற வரைக்கும் மேல ஒரு கல்லு வைக்கக் கூடாது. ஆனா ஆட்சேபணைக் கணக்குல உள்ளூர்க்காரங்களை மட்டும்தான் சேர்ப்பேன். மத்தவங்க தள்ளி நில்லுங்க."

கோயம்புத்தூர்க் கூட்டம் நகர்ந்தது. ஃபரீத் மட்டும் நகரவில்லை. தண்ணீர் கேட்டதற்கப்புறம் மனுஷன் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது மக்பூலுக்கு அப்போதுதான் உறைத்தது. 'போச்சு, இப்போது வெடிக்கப் போகிறது' என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என் கையைச் சேர்த்து எண்ணுங்க தம்பி," என்றார் ஃபரீத், கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி. "காத்தால வரைக்கும் நான் வெளியூருதான். இப்ப அப்படி இல்ல. எம்மருமவ தலைப்பிரசவத்துக்கு இந்த ஊருக்குத்தான் வரோணும். எம்பேரனைக் குளிப்பாட்ட லாரித் தண்ணியா வாங்கி ஊத்துவாங்க?"

பெண்கள் பக்கம் குலவை மாதிரி ஒரு சிரிப்பு எழுந்தது. நாஜ்னீன் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தாஹா எங்கே ஒளிவது என்று தெரியாமல் நின்றான். ஒதுங்கிய கூட்டம் மொத்தமும் திரும்பி வந்து ஃபரீத்துக்குப் பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றது. தீபக் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்.

மக்பூலுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஃபரீத் வந்து அவரை அப்படியே கட்டிக்கொண்டார்.

"ஐயோ, புது ஷெர்வானிங்க!" என்று ஜுலைகா கத்தினாள். முதுகில் சம்பந்தியின் ஐந்து விரலும் நெய்யாகப் பதிந்திருந்தது.

"இருக்கட்டும் புள்ள, இருக்கட்டும்," என்று அழுதுகொண்டே சிரித்தார் மக்பூல். முனியசாமியைக் கூப்பிடச் சொல்லி அவளேதான் பிறகு ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.