விசில் பாறைக்கு அடைப்பு எடுத்த கதை

குழாய் வேலை பார்ப்பவருக்கு உலகத்தில் ஓட்டைகள் இரண்டே வகை: அடைத்துக்கொண்டது, இனிமேல் அடைத்துக்கொள்ளப் போவது. நம் குழாய்க்காரர் கல்யாணமாகி மனைவியின் ஊருக்கே குடிவந்தபோது, ஓடிப்போய்ப் பார்த்தது கடலை அல்ல. கடலோரப் பாறையில் இருந்த ஓட்டையைத்தான்.

அந்த ஓட்டைக்கு ஊரில் ஏக மரியாதை. கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டு கிடந்த பாறையின் உச்சியில், வாளி அகலத்துக்கு இருந்தது அது. அடியில் குகை. கடல் ஏறும்போது அலை குகைக்குள் புகுந்து காற்றை மேலே தள்ளும். காற்று ஓட்டை வழியாக விசிலடித்துக்கொண்டு கிளம்பும். ஒருமுறை அந்தச் சத்தத்தை நம்பி ஒரு ரயில் கடற்கரைக்கே வந்து நின்று, பிறகு வெட்கப்பட்டு வந்த வழியே திரும்பிப் போனதாம். அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது என்பதால், இதைப் பொய் என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை.

பாறையை வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக்காட்டிப் பிழைத்தவர், குழாய்க்காரருடைய மனைவியின் அண்ணன். மச்சான் என்றே வைத்துக்கொள்வோம். மச்சானுக்கு அப்போது தலைபோகிற கவலை. சுற்றுலா அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் புது வரைபடம் போட வருகிறார். வரைபடத்தில் ஏறிய இடத்துக்குத்தான் இனிமேல் பஸ் வரும். விசில் பாறை ஏறாவிட்டால், மச்சான் நகரத்துக்குப் போய்ச் சித்தப்பா மகனின் கிடங்கு வாசலில் காவல்காரராக உட்கார வேண்டியதுதான். கடற்காற்று இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

அம்மாள் வருகிற அன்று காலை, கடல் வற்றிக் கிடந்த நேரத்தில், குழாய்க்காரர் பையைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனார். ஓட்டைக்குள் ஒரு கூழாங்கல்லைப் போட்டுக் காதை வைத்தார். டொக். டொக். அப்புறம் சத்தமே இல்லை. இது எங்கேதான் போகிறது? தலையை உள்ளே விட்டார். தொண்டை முழுக்கச் சிப்பி, அடுக்கடுக்காக ஒட்டிப் பிடித்திருந்தது.

'இவ்வளவு அழுக்கை வைத்துக்கொண்டே இந்தப் போடு போடுகிறதென்றால், சுத்தம் செய்தால் எப்படி அடிக்கும்!'

அவ்வளவுதான். பைப் ரெஞ்சின் வாயை இறுக மூடி, அதையே சுத்தியலாக்கித் தட்டத் தொடங்கினார். மாமனார் கல்யாணத்துக்கென்று வாங்கிக் கொடுத்த ரெஞ்சு அது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் தொண்டை வழவழவென்று பளிங்காகிவிட்டது. கடைசிச் சிப்பியைத் தட்டும்போது கை வழுக்கி, ரெஞ்சு உள்ளே போனது. டொக், டொக், அமைதி.

வீட்டில் மனைவி அவர் கையைப் பார்த்தாள்.

"என்னங்க இது, பூனையோட சண்டை போட்டுட்டு வந்த மாதிரி?"

"உங்க அண்ணனுக்கு ஒரு உதவி செஞ்சேன்."

"அண்ணன் கேட்டாரா?"

"கேட்டு செஞ்சா அது வேலை. கேக்காம செஞ்சாத்தான் உதவி."

அவள் மருந்துக் குப்பியை அவர் முன்னால் நங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

பிற்பகல் அந்த அம்மாள் வந்து இறங்கினார். பெரிய தொப்பி, எதையும் தொட்டுப் பார்க்காமல் நம்பாத விரல்கள். மச்சான் முதலில் ஒட்டகப் பாறையைக் காட்டினார். நின்றுகொண்டு பார்த்தால் அது கிழிந்த தலையணை, படுத்துப் பார்த்தால்தான் ஒட்டகம். அந்த அம்மாள் சட்டென்று மணலில் படுத்துவிட்டார்.

"ஒட்டகம்தான். ஏன் என்னை முறைக்குது?"

"புது ஆளுன்னா அப்படித்தாம்மா பாக்கும்" என்றார் மச்சான்.

அலைக்கு எட்டும் தூரத்தில் மணலுக்குள்ளிருந்து நல்ல தண்ணீர் ஊறும் சுனை ஒன்று இருந்தது. அந்த அம்மாள் அதைக் குடித்தார். கடலைக் குடித்துப் பார்த்துத் துப்பினார். மறுபடி சுனையைக் குடித்துத் தலையாட்டினார். மச்சானுக்கு முகம் மலர்ந்தது. "இதெல்லாம் சும்மாம்மா. பாறைக்கு வாங்க, காதைப் பொத்திக்குங்க" என்றார்.

கடல் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அலை உள்ளே புகுந்தது.

"ஹாஆஆ" என்றது பாறை. யானை கொட்டாவி விட்டது போல.

அந்த அம்மாள் மெல்லக் கையை எடுத்தார். "இதுக்கா விசில் பாறைன்னு பேரு?"

"தொண்டை கட்டியிருக்கு போல. கொஞ்சம் பொறுங்க."

மச்சான் குனிந்து ஓட்டைக்குள் பார்த்தார். பிறகு குனிந்தபடியே கழுத்தை மட்டும் திருப்பினார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"காலையில இந்தப் பக்கம் வந்தீங்களா?"

"வந்தேன். அடைப்பு எடுத்துவிட்டேன்."

"அது அடைப்பில்ல மாப்ள" என்றார் மச்சான், அழுகிற குரலில். "அதுதான் விசிலே."

குழாய்க்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. பாதி திறந்த குழாய்தான் கத்தும். முழுக்கத் திறந்தால் கத்தாது. கத்துகிற குழாயின் வாயை அடக்கியே பழகிய கை, கடலையும் அடக்கிவிட்டது.

அந்த அம்மாள் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். மச்சானின் கண்ணில் கிடங்கு வாசல் தெரிந்தது.

"ஒரு நிமிஷம்! வழியைக் கொஞ்சம் ஒடுக்கினாப் போதும்" என்று குழாய்க்காரர் துண்டைச் சுருட்டி ஓட்டையில் வைத்தார். துண்டு பறந்தது. வாளியைக் கவிழ்த்தார். அது துண்டைத் துரத்திக்கொண்டு போனது. அந்த அம்மாளும் ஆவல் தாங்காமல் தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்தார். அது மேலே போனது. இந்த நிமிடம் வரை கீழே வந்ததாகத் தகவல் இல்லை.

கையில் வேறொன்றும் இல்லை. குழாய்க்காரர் ஓட்டையின் மேல் தானே உட்கார்ந்தார். ஆள் அகலம். கடவுள் எதற்கு இந்த அகலத்தைக் கொடுத்தார் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

அலை வந்தது. பாறை பாடியது! அப்படி ஒரு விசிலை மச்சானே கேட்டதில்லை. குழாய்க்காரர் வலப்பக்கம் சாய்ந்தால் கீச்சென்றது. இடப்பக்கம் சாய்ந்தால் கப்பல் ஊதியது. தூரத்தில் போன இரண்டு கப்பல்கள் பதிலுக்கு ஊதிவிட்டுக் குழம்பி நின்றன.

அந்த அம்மாள் குழாய்க்காரரை மூன்று முறை சுற்றி வந்தார். "இயற்கை இடம் மட்டும்தான் வரைபடத்துல வரலாம். இது இயற்கையா?"

"பாறை இயற்கை, காத்து இயற்கை" என்றார் மச்சான். "அவரும் இயற்கையாப் பொறந்தவருதாம்மா."

"சிப்பி திரும்ப வளர?"

"சில வருஷம் ஆகும்."

"அதுவரைக்கும்?"

இரண்டு பேரும் குழாய்க்காரரைப் பார்த்தார்கள். "தினமும் இங்க வந்து உட்கார நான் என்ன..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். அடியிலிருந்து யாரோ தட்டினார்கள். டொக். டொக். நாகரிகமான தட்டு, உள்ளே வரலாமா என்பது போல.

"மச்சான், கீழ..."

சொல்லி முடிப்பதற்குள் பேரலை ஒன்று அவரை அலாக்காகத் தூக்கி, சுனைக்குள் உட்கார வைத்தது. பின்னாலேயே பறந்து வந்து மடியில் விழுந்தது, அவருடைய பைப் ரெஞ்சு. துரு இல்லை, துடைத்துப் பளபளவென்றிருந்தது.

குழாய்க்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டபோது அதன் வாய் மூடியிருந்தது. இப்போது திறந்திருந்தது, அவரிடம் உள்ள எந்தக் குழாய்க்கும் பொருந்தாத அளவுக்கு.

"மச்சான், கீழ யாரோ எதையோ முடுக்கியிருக்காங்க."

"யாரு?"

"அதைத்தான் பாக்கணும். நாளைக்கு எப்ப கடல் ஏறும்?"

அந்த அம்மாள் காதிலிருந்த பென்சிலை எடுத்து, வரைபடத்தில் பாறையைக் குறித்தார். அதன் மேல் சின்னதாக ஒரு ஆளையும் உட்கார வைத்தார். மச்சான் கிடங்குக்குப் போகவில்லை.

மறுநாள் கடல் ஏறுவதற்கு வெகுமுன்பே குழாய்க்காரர் பாறையில் இருந்தார். திருப்புளி ஒன்றை ஓட்டைக்குள் போட்டார். அடியில் இருப்பவருக்கு முடுக்க ஏதாவது வேண்டுமே என்று ஒரு பிடி திருகாணியையும் போட்டார். பிறகு மேலே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே காத்திருந்தார்.